காய்ச்சல் நோட்டு

சகாயம்மாளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்பது திருநின்றவூரில் அவள் தெருவுக்கே தெரியும். ஆனால் கம்பெனி கேட் வரைக்கும் போய், நெற்றியைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்புவதையே ஒரு வேலையாக வைத்துக்கொள்வாள் என்று அவள் புருஷன் டேவிட்கூட நினைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் இன்ஜினுக்குக் கேஸ்கெட் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே பேக்கிங்கில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். கொரோனா ஊரடங்கில் மூடிய கம்பெனி ஜூலையில் பாதி ஆட்களோடு திறந்தது. "பஸ் விடட்டும், கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம்தான் வந்தது. 'எனது சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்' என்று எல்லாவற்றையும் அவர்களே அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். என்ன ஒரு பெருந்தன்மை! நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஐந்து பெண்களுக்கு அது வந்தது. நாலு பேர் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

சகாயம்மாள் எச்.ஆர். மேனேஜர் ராகவனுக்கே போன் போட்டாள். "இன்னா சார், எனக்கு இன்னா சொந்தக் காரணம் கீது? ஊட்ல குந்திகினு இருக்கறதுக்கா நான் பத்தொம்பது வருசம் உழைச்சேன்?"

ராகவன் போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் முதல் தேதி பஸ் விட்டார்கள். முதல் பஸ்ஸிலேயே ஏறி, முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட, கேட்டில் போய் நின்றாள். வாட்ச்மேன் கலியமூர்த்தி டெம்பரேச்சர் துப்பாக்கியை நெற்றிக்கு நீட்டினார். "தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டு. நோட்டுல கையெழுத்துப் போடும்மா." போட்டாள். அப்புறம்தான் அவர் லிஸ்ட்டைப் பார்த்தார். "உன் பேர் இல்லியேம்மா. உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்."

"நாளைக்கு வரேன்" என்றாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தினமும் துப்பாக்கி, கையெழுத்து, 'பேர் இல்லம்மா.' கலியமூர்த்தி பயந்த சுபாவம். மேலிடம் சொன்னதை ஒரு புள்ளி பிசகாமல் செய்கிறவர். வீட்டில் டேவிட் கிண்டலடித்தார். "காய்ச்சல் பாக்க இங்கயே ஆஸ்பத்திரி கீதே சகாயம், எதுக்கு அம்பத்தூர் வரைக்கும் போறே?"

"நான் போவலன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது. அதுக்குத்தான்."

ஆனால் அதைத்தான் சொன்னார்கள். இருபத்திரண்டாவது நாள் வீடு திரும்பியபோது ரிஜிஸ்டர் தபால் காத்திருந்தது. 'செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தகவலின்றி வேலைக்கு வராததால், தாங்களாகவே வேலையை விட்டு விலகிவிட்டதாகக் கருதப்படுகிறது.'

சகாயம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நாற்பத்தெட்டு வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்? அதைவிட, வந்தவளை வரவில்லை என்று எழுதிவிட்டார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. டேவிட் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. ஆவடியில் வக்கீல் சுதாவிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

சுதா மனு எழுதிக் கொடுத்தார். "நீங்க தினமும் போனதுக்கு சாட்சி வேணுமேம்மா. பஸ் டிக்கெட் இருக்கா?"

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருந்தாள். கலியமூர்த்தியைச் சாட்சிக்குக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. கான்ட்ராக்ட் ஆள், இரண்டு பெண் பிள்ளைகள். வாய் திறந்தால் அவர் வேலையும் போகும்.

நவம்பரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை. வெறுங்கையோடு போனாள். வாசலில் இருந்த பியூன் துப்பாக்கியை நெற்றிக்கு நீட்டினார். "இந்த நோட்டுல பேர் எழுதி, கையெழுத்துப் போடுங்க." பேனாவை வாங்கியவள் எழுதாமல் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்று பியூன் எரிந்து விழுந்தார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே அதிகாரி அம்மாவுக்கு முன்னால் ராகவன் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். "ஒருநாள்கூட வரல மேடம். அட்டெண்டன்ஸ் பாருங்க" என்றார்.

"மேடம், சாரை ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் சகாயம்மாள். அதிகாரி தலையசைத்தார். "சார், நம்ம கேட்டுல காய்ச்சல் நோட்டு ஒயுங்கா எழுதுறாங்களா?"

ராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டைத் தொடுற ஒருத்தர் விடாம எழுதுறோம் மேடம். கூரியர்காரன், டீக்காரன் உட்பட. தினமும் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும், அது என் ஆர்டர். சுகாதார இன்ஸ்பெக்டரே பாராட்டினார்."

"அப்ப என் பேரும் இருவத்திரெண்டு தபா இருக்கணுமே சார்?"

ராகவன் அட்டெண்டன்ஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "போன் கையிலதானே இருக்கு? செப்டம்பர் மாசத்தை எடுங்க."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எடுத்தார். முதல் தேதி, காலை 7.50, சகாயம்மாள், 97.2. இரண்டாம் தேதி, 7.45, 96.8. கலியமூர்த்தியின் குண்டு குண்டான எழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கோணல் கையெழுத்து. உள்ளே போன நேரம் எழுதும் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. அதிகாரி இருபத்திரண்டு பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "தானா விலகினவங்க தினமும் கேட்டுல வந்து கையெழுத்துப் போடுவாங்களா சார்? உங்க முதலாளியைக் கேட்டு அடுத்த வாரம் நல்ல பதிலா கொண்டு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் நல்ல பதிலாகவே வந்தது. கோர்ட்டுக்குப் போனால் அந்த நோட்டும் கூடவே வரும் என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. பழைய சர்வீஸோடு வேலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாலு பேரும் இப்போது சுதா வீட்டுப் படியேறியிருக்கிறார்கள்.

டிசம்பர் முதல் திங்கள். கேட்டில் கலியமூர்த்தி துப்பாக்கியை நீட்டினார். "உன்னால ராகவன் சார் என்னையும் கூப்ட்டு வெச்சி கேட்டாரும்மா. 'நீங்கதான எழுதச் சொன்னீங்க, எழுதுனேன்'னேன். போய் வேலையப் பாருன்னு அனுப்பிட்டாரு."

"நல்லா இருப்பே அண்ணாத்தே."

"தொண்ணூத்தேழு புள்ளி நாலு. கையெழுத்துப் போடு." போட்டாள். பழக்க தோஷத்தில் அவர் கடைசிக் கட்டத்தில் கோடு இழுக்கப் போனார். சகாயம்மாள் சட்டென்று பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத நான் எழுதுறேன்."

கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, 7.52 என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.