நரம்பு வழியே

அத்தானுக்கு நாக்கில் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். "என் நாக்கு நீளம்னு உங்க அக்கா சொல்லிட்டே இருப்பா. இப்ப கொஞ்சம் குறைச்சாச்சு," என்று மச்சினியிடம் குழறலோடு சிரித்தார். வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன அன்றுதான் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

அக்காவின் தங்கையான அந்த மச்சினி அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இயக்குபவள். சோதனைக்குப் போக மிஞ்சிய சதையை ஆராய்ச்சிக்குத் தர அத்தான் தாமாகவே சம்மதித்திருந்தார். அவள் அதைக் கரைசல்களில் ஊறவைத்து, கொழுப்பை நீக்கி, கண்ணாடிபோல் தெளிய வைத்தாள். பிறகு தகடுபோல் மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி, அடுக்கடுக்காகப் படமெடுத்தாள். வழக்கமான சோதனையில் ஒன்றிரண்டு சீவல்களைத்தான் பார்ப்பார்கள். இங்கே முழுத்துண்டும் திரையில் எழுந்து நின்றது.

படத்தைத் திருப்பினாள். ஒரு நரம்பைச் சுற்றிப் புற்றணுக்கள் நூல்போல ஓடின. வெட்டிய விளிம்புவரை ஓடின. அன்றே படத்தை அறுவை மருத்துவரிடம் காட்டினாள்.

அவர் அந்த இடத்தையே சீவிப் பார்க்கச் சொன்னார். நோய் இருந்தது.

"நாக்கு முழுசையும் எடுக்கணும்மா," என்றார்.

வீட்டில் சொன்னதும் அக்கா எரிந்து விழுந்தாள். "உன்னை யாருடி பார்க்கச் சொன்னா? ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"பார்த்துட்டு எப்படிக்கா சும்மா இருக்கறது?"

அத்தான் குறுக்கிட்டார். "உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

"அப்ப எடுக்கச் சொல்லு."

அறுவைக்கு முன்பு அவர் ஓயாமல் பேசினார். பழைய நண்பர்களை ஃபோனில் கூப்பிட்டு, விஷயத்தை மட்டும் சொல்லாமல், அரட்டை அடித்தார். அடிக்கடி அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தார். என்ன என்று அவள் வந்து நின்றால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்," என்பார்.

எடுத்த நாக்கின் அடிவரை நோய் பரவியிருந்தது. அதற்கப்பால் இல்லை. பிழைத்துக்கொண்டார்.

இப்போது அவருக்குச் சாப்பாடெல்லாம் வயிற்றில் பொருத்திய குழாய் வழியேதான். அக்கா ஊற்றும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மச்சினி போகும்போதெல்லாம் அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் வாசலிலேயே நிறுத்தினாள். "நீ செஞ்சது சரிதான். எனக்குப் புரியாம இல்ல. ஆனா உன் மூஞ்சியப் பார்த்தா ஆத்திரமா வருது. கொஞ்ச நாள் வராத."

"சரிக்கா," என்று தங்கை படியிறங்கினாள்.