கலையாத வரிசை

“ஏய், நீ! கதவைத் திற! சீக்கிரம்!”

மூடுபனிக்குள்ளிருந்து குரல் வந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இந்த வதைமுகாம் நினைவிடத்தின் வாசலில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஜெர்மன் ஊர்களில் முன்பின் தெரியாத நாயைக்கூட ‘நீங்க’ என்று சொல்லித்தான் விரட்டுவோம்.

“மரியாதையாப் பேசுங்க பெரியவரே. நான் என்ன நீங்க வச்ச வேலைக்காரியா?”

கிழவர் சட்டென்று தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். கூட வந்த மகள் ஃபெம்கே என் பக்கம் குனிந்தாள்.

“கோச்சுக்காதீங்க மேடம். நாங்க ஹாலந்துக்காரங்க. அப்பா ஜெர்மன் கத்துக்கிட்டதே இங்க உள்ளதான், பதினாறு வயசுல, கைதியா, காவல்காரங்ககிட்டேருந்து. அவருக்கு வேற மாதிரி பேசத் தெரியாது.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

யோஸ்ட் என்ற அந்தப் பெரியவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவருடைய அண்ணன் ரூலொஃப், ஆள் எண்ணும் மைதானத்தில், வரிசையில் நின்றபடியே செத்துப்போனான். கலையச் சொல்லும் உத்தரவு அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

“அவனை யாரும் போகச் சொல்லல. தினம் என் கனவுல வந்து நிக்கிறான். நீ ஜெர்மன்காரி. நீ சொல்லு.”

“ஐயோ, காவல்காரங்க போட்ட உத்தரவையா? அதெல்லாம் எனக்கு வாயில வராதுங்க.”

“அடுத்த மாசம் அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன்,” என்றாள் ஃபெம்கே. “இன்னொரு தடவை வருவாரான்னு தெரியல.”

வாசலைப் பூட்டிவிட்டு அவர்களோடு நடந்தேன். கைதிகளை அடைத்திருந்த குடில்கள் எப்போதோ போய்விட்டன. அவை இருந்த இடத்தில் சரளைக்கல் கோடுகள் மட்டும். எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. பனி ஆங்காங்கே ஆள் உயரத்துக்குத் திரண்டு நின்றது, அன்று கைதிகளை நிறுத்தி எண்ணிய வரிசை போல, ஐந்தைந்தாக. எண்ணாதே வீப்கே, என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

“இங்க,” என்று யோஸ்ட் நின்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மரியாதையையெல்லாம் திரட்டிச் சொன்னேன். “திரு. ரூலொஃப் அவர்களே, நீங்கள் போகலாம்.”

எதுவும் அசையவில்லை. கிழவர் எரிச்சலோடு தலையை ஆட்டினார்.

“யார்கிட்ட சொல்றே? ஏதோ பெரிய மனுஷனைக் கூப்பிடுறாங்கன்னு அவன் பின்னால திரும்பிப் பாக்கிறான். அவனுக்குப் பத்தொன்பது வயசு. ஜெர்மன்ல அவனை ஒருத்தரும் ‘நீங்க’ன்னு சொன்னதே இல்ல.”

பத்தொன்பது. அந்த வயதில் என் மகனைப் பத்து மணிக்கு முன்னால் எழுப்ப முடியாது. காவல்காரன் சொன்னதும் ‘நீ’தான், நான் என் பிள்ளையிடம் சொன்னதும் ‘நீ’தான். பிள்ளையிடம் சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

“ரூலொஃப், நின்னது போதும்டா. நீ வீட்டுக்குப் போ.”

யோஸ்ட் வெகுநேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகு தளர்ந்து, மகளின் தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதார். நானும் அழுதேன்.

“போயிட்டான்,” என்றார். “என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, படுபாவி.”