மணலில் விழாத பந்து

கோல்ஃப் மைதானங்களுக்கு மார்க் போடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. பெரிய ஆட்டக்காரர்கள் வந்து போட்டி ஆடுவதற்கு ஒரு மைதானம் லாயக்கா இல்லையா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வடிவமைத்தவன் ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான், இல்லையென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவான். அந்த வட்டாரத்தில் அவருக்கு மார்க்குக்காரர் என்றே பெயர்.

ஆளைப் பார்த்தால் யாரும் அசந்துபோவார்கள். கசங்காத வெள்ளைச் சட்டை, ஒரு கைக்கு மட்டும் உறை, புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்க்கிற தோரணை. அடி மட்டும் கொஞ்சம் சுமார். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் மட்டையை ஓங்குகிற ஓங்கலுக்குப் பந்து அடுத்த ஊரில் போய் விழவேண்டும். அதுவோ நாலு எட்டு போய் உட்கார்ந்துகொள்ளும். "அடக்கி அடிச்சேன்" என்பார். மார்க் போடுகிற மனுஷனை யார் எதிர்த்துக் கேட்பது?

அன்று அவர் பார்க்கப் போனது சொந்த மச்சினன் வடிவமைத்த மைதானம். மனைவிக்கு ஒரே தம்பி அவன். பெண் பார்க்கக்கூட நேரமில்லை என்று மண்ணிலும் மணலிலும் கிடந்து அதை உருவாக்கியிருந்தான். மார்க் தேறினால் பெரிய போட்டி அங்கே நடக்கும். தேறாவிட்டால் நிலத்தை விற்றுவிடப் போவதாக முதலாளிகள் சொல்லியாகிவிட்டது. உறவுக்காரரே மார்க் போடலாமா என்று யாரோ கேட்டபோது கிளப் செயலாளர் சிரித்துவிட்டாராம். "மாமனார் வீட்டு ஆளுன்னா சார் ரெண்டு மார்க் கொறச்சில்ல போடுவாரு!"

மனைவியும் கூடவே கிளம்பி வந்து பேட்டரி வண்டியில் ஏறிக்கொண்டாள். "என் தம்பி விஷயத்துல நாக்கைச் சுழட்டுனீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அந்த ஒரு முறையே அவருக்குப் போதும்.

ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் வளைய மாட்டார். முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை தத்தித் தத்தி ஆடி முடித்தார். வழியெல்லாம் பந்தைச் சிக்கவைக்கிற மணல் பள்ளங்கள் இருந்தன. ஒன்றில்கூட அவருடைய பந்து விழவில்லை.

மச்சினன், செயலாளர் என்று கூட வந்த எல்லோரும் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி வந்ததும் உறையைக் கழற்றினார்.

"ரொம்ப சுலபம். பள்ளம்லாம் சும்மா அலங்காரத்துக்கு வச்ச மாதிரி இருக்கு. பெரிய ஆட்டக்காரங்க வந்தா கொட்டாவி விட்டுட்டுப் போயிடுவாங்க. தேறாது."

மச்சினனின் முகம் சுண்டிப்போனது. "எப்படி அத்தான்? ஒவ்வொண்ணையும் அளந்து அளந்து வச்சேனே..."

மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"சுலபமா? குடுங்க அந்த மட்டையை."

பிறந்ததிலிருந்து அவள் மட்டையைத் தொட்டவள் இல்லை. செருப்பை உதறினாள். புருஷன்மேல் இருந்த கோபத்தையெல்லாம் கூட்டி ஒரே வீச்சு. பந்து போன வழி யாருக்கும் தெரியவில்லை. வெகு தூரத்தில் ஒரு பள்ளத்திலிருந்து மணல் எழும்பியதுதான் தெரிந்தது.

அடுத்த பந்தைத் தானே எடுத்து வைத்தாள். அதுவும் மணலில். கொஞ்சம் இடதுபக்கம் திரும்பி நின்று அடித்தாள். அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருந்தது. அவளுக்கு முகம் சிவக்கச் சிவக்கத் தம்பிக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஏண்டா, கூடப் பொறந்தவளுக்கே குழி பறிச்சு வச்சிருக்கியா?"

"அப்படித்தான்க்கா! இன்னொண்ணு அடிக்கா!"

செயலாளர் தாடையைத் தடவினார். "மேடம் அடிச்சதெல்லாம் பள்ளத்துல. சார் அடிச்சது ஒண்ணுகூட இல்ல. அப்போ சார் மாதிரி புத்தியா ஆடினா தப்பிச்சிடலாம். பெரிய ஆட்டக்காரங்களும் தப்பிச்சிடுவாங்க. சார் சொன்னபடி தேறாதுன்னே வச்சுக்கலாமா?"

மார்க்குக்காரருக்கு இரண்டாவது பந்திலேயே விளங்கிவிட்டது. பள்ளங்கள் எல்லாம் பலமாக அடிப்பவனுக்காக வைத்தவை. நல்ல அடி எங்கே போய் இறங்குமோ, அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அவருடைய பந்துக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பு ஏது? இப்போது "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மானம் தப்பும், மச்சினன் பிழைப்பு போகும். பையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவருக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"புத்தியுமில்ல ஒண்ணுமில்ல. என் பந்து அவ்வளவு தூரம் போகாது."

"இன்னிக்கு அடக்கி அடிச்சீங்களா சார்?"

"என்னிக்குமே போகாதுய்யா! வைக்கவேண்டிய இடத்துலதான் வச்சிருக்கான் என் மச்சினன். முழு மார்க்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மச்சினன் ஓடி வந்து அவரை அப்படியே தூக்கிவிட்டான். வெள்ளைச் சட்டை கசங்கியதை அவர் பொருட்படுத்தவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது.

செயலாளருக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. "அப்போ இனிமே மத்த மைதானத்துலல்லாம் யார் அடிச்சுப் பாக்கிறது?"

மனைவி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வீட்டுல சமைக்கிறது நான், மார்க் போடுறது இவரு. இங்க மட்டும் புதுசா என்ன? நான் அடிக்கிறேன், இவரு போடட்டும்." புருஷன் பக்கம் திரும்பினாள். " ஆனா ஒண்ணுங்க, இங்க குறை சொல்றப்போ கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க. கையில இருக்கிறது கரண்டி இல்ல."