குப்பையில் கிடந்த பதினாறு சதவீதம்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் செல்லக்கா. தீராத குடல் அழற்சிக்காரர்களிடமிருந்து கிள்ளியெடுத்த அரிசியளவு சதையைக் கரைத்து, அதிலுள்ள நோயெதிர்ப்புச் செல்களை இயந்திரத்தில் எண்ணுவது அவள் வேலை. சிலருக்கு மருந்து கேட்கிறது. சிலருக்கு ஏன் கேட்பதில்லை? மூன்று வருடம் எண்ணியும் விடையில்லை. இன்று நான்கு மணிக்கு இயக்குநர் ஆய்வையே இழுத்து மூடப்போகிறார்.

மருந்து கேட்காதவர்களில் ஒருவன் அவள் அண்ணன். பேருந்து ஓட்டுநர்.

“வழியில எங்கெங்க கழிவறை இருக்குன்னு என்னைக் கேளு, தூக்கத்துலயும் சொல்வேன்,” என்று காலையில்கூடப் போனில் சிரித்தான்.

ஒன்றோடொன்று ஒட்டிய செல்களை இயந்திரம் ‘குப்பை’ என்று ஒதுக்கிவிடும். சரியாக வடிகட்டாவிட்டால் அப்படி ஒட்டும் என்பது ஆய்வக வழக்கு.

“இன்னிக்கும் குப்பை,” அந்த இயந்திரத்தை இயக்கும் மெஷின்காரர் உச்சுக்கொட்டினார். “மூணு வருஷமா சொல்றேன், ஒழுங்கா வடிகட்டும்மா.”

தலையாட்டப் போனவள் சட்டென்று நின்றாள். இன்று இரண்டு குழாய்கள். ஒரே வடிகட்டி வலை, ஒரே கை, ஒரே நேரம்.

“சார், மருந்து கேட்டவரோட குழாயில குப்பை எவ்வளவு?”

“மூணு சதவீதம்.”

“கேட்காதவரோடதுல?”

“பதினாறு.”

“அப்ப தப்பு என் கையில இல்ல! பழைய பதிவெல்லாம் எடுங்க சார். குப்பையை மட்டும் பாருங்க!”

அறுபத்திரண்டு பேர். நாலைந்து பேரைத் தவிர, மருந்து கேட்காத எல்லோரிடமும் அதே கதை. குழாயில் மிச்சமிருந்த சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். கிருமிகளை விழுங்கிவிட்டு ஓயவேண்டிய செல்லை, மற்றச் செல்களுக்குக் கட்டளையிடும் டி செல் ஒன்று இறுகப் பிடித்திருந்தது. அடுத்த ஜோடியும் அப்படியே.

“தீ அணைஞ்ச பிறகும் தீயணைப்புக்காரரை விடமாட்டேங்குது சார்!”

“வீடு இடியற வரைக்கும் தண்ணி அடின்னா?” மெஷின்காரரே வாயைப் பிளந்தார்.

நான்கு மணிக்கு இயக்குநர் படங்களைப் பார்த்தார். ஆய்வை மூடும் தாளில் கையெழுத்திட எடுத்த பேனாவைத் திறக்கவேயில்லை.

“இதையா இத்தனை நாள் ஒதுக்கினோம்?”

“திட்டு வேற வாங்கினேன் சார்.”

மெஷின்காரர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

“எத்தனை வருஷம் வேணும்?” என்றார் இயக்குநர்.

“ரெண்டு.”

“மூணு எடுத்துக்கோங்க.”

நடைக்கூடத்துக்கு ஓடிவந்து அண்ணனை அழைத்தாள். “உன் குடல்ல ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கறாங்கண்ணா. யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். இனி பிரிக்கற வழியைத் தேடப்போறேன்!”

“சீக்கிரம் பிரிச்சுவிடு தாயே. வாடகைகூடக் கொடுக்காம இருக்காங்க!”

அவள் சிரித்த சிரிப்பில் மூன்று அறைகளின் கதவுகள் திறந்தன.