தகரத் தகடு ஒன்று

மண்டியில் எங்கள் மூட்டைகளின் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள் என்று செல்லியம்மாள் வந்து சொன்னபோது, நான் ஸ்டாம்பு பேடுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பிரிச்சா பிரிச்சுட்டுப் போறாங்க. நம்ம புளியில இன்னா குறை?" என்றேன்.

அவள் மடியிலிருந்து ஒரு கைப்பிடிப் புளியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கொட்டையும் நாரும் மணலுமாக இருந்தது. தொட்டால் ஈரம் பிசுபிசுத்தது.

"இது நம்மளுது இல்ல சார். ஆனா நம்ம கொம்பு முத்திரை போட்ட மூட்டையில இருந்து எடுத்தேன். தாண்டவராயன் கடை வாசல்ல அடுக்கி வச்சுகீறாங்க. அதே பழைய கொம்பு. இத்த வாங்கி ஏமாந்தவங்கதான் இப்ப நம்ம மூட்டையப் பிரிக்கிறாங்க."

மை வழிந்து மேஜை விளிம்பு வரை வந்துவிட்டதை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

அது எண்பத்தொன்றாம் வருஷம். புதூர்நாட்டுக்கும் மேலே, மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நான் செயலாளர். சங்கத்தின் பெயர் இப்போது எதற்கு? எனக்குச் சொந்த ஊர் கீழே சந்தவாசல். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். நான் மேலே ஒன்பது வருஷமாகச் சாமைச்சோறும் சங்கமுமாக இருந்தேன். சங்கத்துக்கு என்று பெரிய சொத்து கிடையாது. மழைக்கு ஒழுகும் கட்டடம் ஒன்று, தராசு ஒன்று, தார்ப்பாய் நான்கு. இருப்புப் பதிவேட்டில் பதினேழாவது வரியில் 'தகரத் தகடு ஒன்று, பழையது' என்று நானே எழுதியிருந்தேன். மூட்டைமேல் வைத்துக் கறுப்பு மை தடவினால் மான்கொம்பு விழும் தகடு அது. தலைவர் சின்னராசு தன் கையாலேயே வெட்டியது. கொம்பு என்று சொன்னால்தான் கொம்பு. பார்த்தால் முருங்கைக் கிளை. ஆனால் திருப்பத்தூர் மண்டியில் அந்த முருங்கைக் கிளை போட்ட மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. 'கொம்பு மூட்டையா, ஏத்து' என்பார்கள், அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் கொம்பு இல்லை, செல்லியம்மாளின் வலது கை. அவள் ஐந்து டைரக்டர்களில் ஒருத்தி. மூட்டையைத் தைப்பதற்கு முன்னால் முழங்கைக்கும் மேலே கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்று பார்ப்பாள். நல்லதை மேலே வைத்து மோசத்தை அடியில் தள்ளுவதுதானே உலக வழக்கம். சரியில்லை என்றால் கொண்டுவந்தவன் எதிரிலேயே மூட்டையைக் கவிழ்த்துவிடுவாள். ஒரு தடவை சொந்தக் கொழுந்தனின் மூட்டையையே கவிழ்த்தாள். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. அதைப் பற்றி யார் கேட்டாலும் "அவங்க புளியில கொட்டை இருந்துச்சு" என்று மட்டும் சொல்வாள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். டைரக்டர்கள் ஐந்து பேரும் ஐந்து ஊர். தசரதன் வருவதென்றால் அரை நாள் நடை. அதனால் சாமை அறுப்பு முடிந்து எல்லாரும் ஒருசேர வரும் நாளில், தீர்மானப் புத்தகத்தில் இருபது வெற்றுப் பக்கங்களின் அடியில் ஐந்து பேரின் கைநாட்டையும் வாங்கி வைத்துவிடுவேன். தேவைப்படும்போது மேலே எழுதிக்கொள்வது. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். நாற்காலியோடு இந்த வழக்கமும் சேர்ந்து வந்தது. அவர்களுக்கும் அது சௌகரியம்தான். நான் மையில் உருட்டிப் பதிப்பதற்கு விரலை நீட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள்.

தாண்டவராயன் அந்த மாசியில் ஜீப்பில் வந்தார், கையில் ஒரு வாழைத்தாருடன். திருப்பத்தூரில் புளிக்கடை வைத்திருப்பவர், பேச்சு தேனாக இருக்கும். சங்கத்துப் புளியைத் தன் லாரியிலேயே இறக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். எழும்போதுதான் கேட்டார்.

"அந்தத் தேஞ்ச தகரம் ஒண்ணு கீதே சார், அத்த எனக்குக் குடுத்துடுங்களேன். நீங்க புதுசா வெட்டிக்க மாட்டீங்களா?"

எனக்குத் தகரம்தான் தெரிந்தது. பயனற்ற பழைய தகரத் தகடு ஒன்றை வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று, ஐந்து விரல்களுக்கு மேலே, என் அழகான கையெழுத்தில் எழுதினேன். நகலிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழசு தேய்ந்துவிட்டது என்று சின்னராசுவிடம் சொன்னேன். அவர் புதிதாக வெட்டித் தந்தார். இந்தத் தடவை கொம்பு நிஜமாகவே கொம்பு போல அமைந்துவிட்டது. வினையே அதுதான். மண்டிக்காரர்கள் புதுக்கொம்பைப் பார்த்ததும் எங்களுடையதைத்தான் போலி என்று முதலில் பிரித்தார்கள்.

புதன்கிழமை ஐந்து பேரும் நிஜமாகவே வந்தார்கள். மூன்று நாளாக நான் ஒரு பொய்யை வாயில் அதக்கி வைத்திருந்தேன்: தகடு களவு போய்விட்டது. சொன்னால் நம்பியிருப்பார்கள். அதுதான் என்னை வதைத்தது.

செல்லியம்மாள் புத்தகத்தைக் காட்டினாள். "தகடு போன சேதி எந்தப் பக்கத்துல கீதோ, அத்தப் படிங்க சார்."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தாண்டவராயன் நகலைக் கடையில் எல்லாருக்கும் காட்டியிருப்பார். படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏகமனதான்னா இன்னா சார்?" என்றார் தசரதன்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"நான் அன்னிக்கு வரவே இல்லியே. அப்ப நானும் ஒத்துக்கிட்டனா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் செஞ்சது தப்பு. என்னை நீக்கச் சொல்லி மேலாபீசுக்கு எழுதுங்க. நானே எழுதித் தர்றேன்" என்றேன். சொல்லும்போது சந்தவாசலில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் கண்முன் வந்தார்கள்.

சின்னராசு செல்லியம்மாளைப் பார்த்தார். அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தப்ப நீங்க எழுதுவீங்க. எங்க தப்ப யாரு எழுதறது? ஊரு மூட்டையில எல்லாம் கைய வுட்டுப் பாத்தேன். இந்தப் பொஸ்தகத்துல பாக்கல." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, "இன்னும் எத்தினி பக்கத்துல எங்க வெரலு காலியா கீது?" என்றாள்.

"பதினொண்ணு."

பதினொன்றிலும் குறுக்கே கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ஐந்து பேரும் விரல் வைத்தார்கள். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், எழுத்துத் தெரியாவிட்டாலும். பேடில் மை தாராளமாக இருந்தது. என் விஷயத்தை லாரி போய்த் திரும்பின பிறகு பேசலாம் என்றார் சின்னராசு. புதுத் தகட்டை எடுத்துப் பரண்மேல் போட்டார். இந்த நடை கொம்பே இல்லாமல், வாய் தைக்காமல் போகட்டும், மண்டியில் யார் வேண்டுமானாலும் கை விட்டுப் பார்க்கட்டும் என்று முடிவானது. யாராவது வாங்குவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து ஊர்களின் ஒரு வருஷத்துப் புளியில் பெரும்பங்கு அது.

வெள்ளிக்கிழமை காலை வாடகை லாரி வந்தது. அறுபத்திரண்டு மூட்டைகள். செல்லியம்மாள் ஒவ்வொன்றாகக் கை விட்டு, மென்று, தலையசைத்து அனுப்பினாள். கட்டைவிரலில் ஊதா மை இன்னும் போகவில்லை. அவளும் லாரியில் போவதாக இருந்தது. கடைசி மூட்டைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதுல நீங்க வுடுங்க சார்."

ஒன்பது வருஷத்தில் நான் ஒருநாளும் கை விட்டதில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு விட்டேன். உள்ளே இளஞ்சூடாக இருந்தது. அடி எட்டவில்லை. தோள் வரைக்கும் சாய்ந்து, கன்னம் கோணியில் உரச, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டை கீதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை. மூட்டையின் வாயை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடியும் கையை விட்டேன்.