ஏலக்காரர் பேசாத நாற்பது நிமிடம்

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் போடுகிறவருக்கு ஒலிபெருக்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை. தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று அவர் வாயைத் திறந்தால், நான்கு வரிசை தள்ளி வெங்காய மூட்டை இறக்குகிறவர்கூட நின்று விலை கேட்டுவிட்டுத்தான் போவார். அப்படி ஒரு தொண்டை. அதைக் காலையில் சந்தைக்கும் மாலையில் மகளுக்கும் பங்கு போட்டு வைத்திருந்தார், பாவம் அந்தப் பெண்.

மகளுக்குப் பதினைந்தரை வயது. கூடைப்பந்து ஆடும்போது அவள் சுழன்று திரும்புகிற வேகத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். பந்தைக் கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று ஆட்டத்தை நடத்துகிற இடம் அவளுடையது. நடத்தியது அவளா என்றால், அதுதான் இல்லை. கேலரியிலிருந்து "இடது", "சுத்து", "கொடு", "போடு" என்று அப்பா கத்துவார். அவள் அச்சுப் பிசகாமல் செய்வாள். கூட ஆடுகிற பிள்ளைகளும் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஏலக்காரரையே பார்க்கப் பழகியிருந்தார்கள்.

ஏலக்காரர் ஜென்மத்தில் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. ஆனால் கைபேசியில் அவர் பார்க்காத பயிற்சி வீடியோ கிடையாது. கம்பியில் தொங்கினால் உயரம் கூடும் என்று ஒன்றில் சொன்னார்கள். குளியலறை வாசலில் கம்பி அடித்து மகளைத் தொங்கவிட்டார். கம்பி பிடுங்கிக்கொண்டு வந்ததே தவிர, உயரம் அரை அங்குலம் ஏறவில்லை. நீச்சல் தோளைக் கெடுக்கும் என்று இன்னொன்று சொன்னது. ஆசையாக நீந்திக்கொண்டிருந்தவளை நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து நீச்சல்தான் தோளுக்கு நல்லது என்று வேறொருவர் சொல்ல, மறுபடி கொண்டுபோய்த் தண்ணீரில் தள்ளினார். பம்பரம் எதற்கும் "சரிப்பா" என்பாள். அவள் பேசி அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். நம்ம பிள்ளை வாயில்லாப் பூச்சி என்று அவர் நெகிழ்ந்துபோய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இளையோருக்கான பெரிய பயிற்சி மையம் ஒன்று இருந்தது. இரண்டு வருடம் அங்கேயே தங்கி, படித்து, ஆடலாம். அங்கே தேறிய பிள்ளைகள்தான் பிறகு பெரிய அணிகளுக்குப் போனார்கள். பம்பரம் இரண்டு முறை கடைசிச் சுற்று வரை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். காரணம் யாரும் சொல்லவில்லை. பதினாறு முடிந்தால் வாசல் மூடிவிடும், ஆகவே இந்த மூன்றாவது தடவைதான் கடைசி. இரண்டாம் தடவை பெயர் வராதபோது அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை ஏலக்காரர் வெளியே நின்று கேட்டிருக்கிறார். 

கடைசிச் சுற்றுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் அவர் மனைவிதான் படித்துக் காட்டினார். இந்த முறை நாற்பது நிமிட ஆட்டம், சிவப்பு அணிக்கும் வெள்ளை அணிக்கும். பயிற்சியாளர்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளே பேசி, பிள்ளைகளே முடிவெடுத்து ஆட வேண்டும். பார்க்க வரும் பெற்றோர் வாயே திறக்கக் கூடாது. திறந்தால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் நின்று நிதானமாகக் கூடையில் போட ஒரு வாய்ப்பு.

"இது எனக்குன்னே போட்ட சட்டம்," என்றார் ஏலக்காரர்.

அவர் சும்மா இருப்பாரா? அன்று சாப்பாட்டு மேஜையிலேயே சமிக்ஞை வகுப்பு ஆரம்பித்துவிட்டார். மூக்கைச் சொறிந்தால் இடது, காதைப் பிடித்தால் வலது, தலையில் கை வைத்தால் பந்தைப் போடு. அரை மணி நேரம் மூக்கையும் காதையும் மாற்றி மாற்றித் தேய்த்ததில் இரண்டும் சிவந்துபோயின. பம்பரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "சரிப்பா" என்றாள். மனைவி கடிதத்தைத் திருப்பினார். சைகையும் கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.

ஆட்ட நாளன்று உள்ளரங்க வாசலில் ஒரு பெண் பெற்றோருக்கெல்லாம் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார், வாய்க்கு வேலை இருக்கட்டும் என்று. ஏலக்காரருக்கு மட்டும் இரண்டு கொடுத்தார். போதாக்குறைக்கு நடுவராக வந்தவர் பழைய ஆள். போன வருடம் முழுக்க ஏலக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஏலக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

நடுவர் விசில் ஊதினார். பம்பரம் பந்தைத் தட்டிக்கொண்டு பாதிக் களம் வந்தாள். வந்தவள் நின்று கேலரியைப் பார்த்தாள். ஏலக்காரர் மிட்டாயைக் கடித்தபடி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை அணிப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அதே கதை. மூன்றாவது முறை பந்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நடுவர் பக்கமே வீசிவிட்டாள். பின் வரிசையில் ஒரு அம்மா தாங்காமல் "ஐயையோ" என்றுவிட, உடனே அதற்கு ஒரு ஃப்ரீ த்ரோ போனது. அந்த அம்மாவின் மகள் களத்திலிருந்து பார்த்த பார்வையில் அவர் பாதியாகச் சுருங்கிப்போனார்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பம்பரத்தின் சிவப்பு அணி பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. ஏலக்காரர் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினார். அங்கே கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தலையைத் தொட்டிக்குள் விட்டு, இருபது நிமிடமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் அதனிடம் சொன்னார். இடது பக்கம் திறந்து கிடக்கிறது, அந்த நெட்டைப் பெண் கூடைக்குக் கீழே சும்மா நிற்கிறாள், கொடு, கொடுத்துத் தொலை என்று. பின்னால் மனைவி வந்து நின்றார். நாள் பூராவும் அடுத்தவர் வாயில் பஞ்சு வைத்து அடைக்கிற பெண்மணி அவர். ஒன்றும் கேட்காமல் குழாயை மூடிவிட்டு, இரண்டாவது மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது குவார்ட்டர், அதாவது மூன்றாவது பத்து நிமிடம், தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த நெட்டைப் பெண், கொக்கு என்று கூப்பிடுவார்கள், பின்னால் நின்ற வெள்ளை அணிக்காரியைப் பார்க்காமல் திரும்பி, நேராக மோதி விழுந்தாள். பம்பரம் அதை முன்னாலேயே பார்த்தும் பேசாமல் நின்றிருந்தாள். கொக்கு தாடையைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுதுல்ல? வாயத் திறந்து சொன்னா என்ன?"

பம்பரம் ஒரு தரம் கேலரியைப் பார்த்தாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நிமிடம் அரங்கத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. "கொக்கு, பின்னாடி! நாலாம் நம்பர யாரு புடிக்கிறது? போச்சு, போச்சு, ஏறி வா!"

எல்லோரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். நடுவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிலை ஊதி, கையை நேராக ஏலக்காரர் பக்கம் நீட்டி, வெள்ளை அணிக்கு ஃப்ரீ த்ரோ என்று காட்டிவிட்டார். இத்தனை வருடமாகக் கத்திக் கத்தி ஏச்சு வாங்கிய மனுஷன், வாயே திறக்காமல் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். நான் இல்லை என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் அதற்கு இன்னொன்று. மிட்டாய்க் குச்சி வாயில் துருத்திக்கொண்டிருக்க எழுந்து நின்று, நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து, தலையை ஆட்டினார். சைகைக்கும் தண்டனை உண்டு என்று ஞாபகம் வர, பொத்தென்று உட்கார்ந்தார்.

பம்பரம் நடுவரிடம் ஓடினாள்.

"சார், கத்துனது நான். எங்கப்பா இல்ல."

நடுவர் நம்பவில்லை. அந்தக் குரலை நான் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன் என்றார். பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்சியாளரம்மா எழுந்து வந்தார். அவளை இன்னொரு தரம் அதே மாதிரி கத்தச் சொல்லுங்கள் என்று நடுவர் காதில் சொன்னார். பம்பரம் கத்தினாள். நடுவர் இரண்டு அடி பின்னால் போனார். ஃப்ரீ த்ரோ ரத்தானது.

ஏலக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. பார்த்தியா, நம்ம பிள்ளை என்று கண்ணாலேயே சொல்லலாமென்று மனைவி பக்கம் திரும்பினார். மனைவி நிதானமாக மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை.

அதன்பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. பம்பரம் ஒருத்தியை இழுத்து நிறுத்தினாள், ஒருத்தியை ஓடச் சொன்னாள், தப்பு செய்தவளை முதுகில் தட்டி "அடுத்தது, அடுத்தது" என்றாள். பதினான்கு ஆறாகி, ஆறு இரண்டாகியது. கடைசிப் பத்து விநாடியில் பந்து அவள் கையில் இருந்தது. கூடைக்குக் கீழே கொக்கு தனியாக நின்றாள். கொக்குக்குக் கொடு என்று ஏலக்காரரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மிட்டாயை நறநறவென்று கடித்து விழுங்கினார். பம்பரம் கொக்கைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, அன்று முழுக்க ஒரு தடவைகூடப் பந்து கிடைக்காமல் மூலையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

ஏலக்காரருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எல்லாம் போயிற்று, கையில் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டாளே என்று இருந்தது. கீழே பார்த்தால் அவள் அந்தச் சின்னப் பெண்ணின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தன் மகளுக்கு இன்னொருவரைச் சிரிக்கவைக்கத் தெரியும் என்பதும் அவருக்குச் செய்திதான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைமைப் பயிற்சியாளரம்மா பெயர்களை வாசித்தார். எட்டில் ஆறாவதாகப் பம்பரத்தின் பெயர் வந்தது. கொக்கு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். ஏலக்காரர் வாய் திறந்து அழுதார், இப்போது திறக்கலாம் அல்லவா. பயிற்சியாளரம்மா அவரிடம் வந்தார்.

"ரெண்டு வருஷமும் இவ பேர அடிச்சது நான்தான் சார். ஆட்டத்த நடத்துறவ பேசணும். இவளுக்குப் பேச்சே வராதுன்னு நெனச்சுட்டேன்."

ஏலக்காரருக்குப் பளாரென்று அறை வாங்கினதுபோல் இருந்தது. அந்தக் குளியலறைக் கதவும் குழாய்ச் சத்தமும் காதில் கேட்டன. அவளை அழவைத்தது யார் என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தாரே, அந்த ஆள் தன் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

"நான் எங்க மேடம் அவளப் பேச விட்டேன்," என்றார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது மனைவியிடம் மெதுவாகக் கேட்டார், இவள் இப்படிப் பேசுவாள் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று.

"நீங்க காலைல சந்தைக்குக் கெளம்புனதும் வீட்ல தெனமும் கேக்குற சத்தம்தான். வண்டி திரும்பி வர்ற சத்தம் கேட்டா நின்னுடும்."

 அந்தக் கலகலப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், பொறாமையாக இருந்தது.

வண்டியில் பம்பரம் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். சிவப்புச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வழக்கமாக வண்டி கிளம்புமுன்பே ஏலக்காரர் ஆட்டத்தை அலச ஆரம்பித்து, வீட்டு வாசல் வரை நிறுத்தமாட்டார். இன்று சாவியைத் திருகிவிட்டுச் சும்மா இருந்தார். இரண்டு தெரு தாண்டிய பிறகு பின்னாலிருந்து அவள் முன்னால் எக்கி வந்தாள்.

"அப்பா, கடைசிக் குவார்ட்டர்ல நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன். கவனிச்சீங்களா?"

ஏலக்காரர் நான்கு கவனித்திருந்தார். நான்கும் வரிசையாக நாக்கில் வந்து நின்றன.

"இல்லையே கண்ணு," என்றார். "என்ன தப்பு? சொல்லு."