புரூஃப் தாளின் மறுபக்கம்

தலையணை உறையிலிருந்து கிழித்த துணியால் அப்பாவின் தாடையைக் கட்டி, உச்சந்தலையில் அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா கொடியோடு உள்ளே வந்தார். சகதி ஒட்டிய ஷூவோடு நேராகக் கட்டில்வரை வந்துவிட்டார். அவள் அப்போதுதான் துடைத்த தரை.

"கட்டியாச்சா? நகரு, இதைப் போத்திடலாம். போட்டோக்காரன் வெளில நிக்கறான்."

வட்டத்துக்கு ஒரு கொடிதான். கரைக்காரர்களோடு நடந்த சண்டையில் மலைக்காரர்கள் ஜெயித்து இருபத்துநாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து அந்த வட்டத்தில் அரசாங்க வேலை பார்த்தவர் யார் செத்தாலும் அதே கொடிதான் மேலே விழும். பெட்டியை மூடுவதற்கு முன் உருவி மடித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். நடுநடுவே துவைப்பதாக ஒரு பேச்சு உண்டு. சித்தப்பா உதறி விரித்தபோது ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கறை தெரிந்தது. முந்தின பிணத்துக்குப் பூசிய பவுடரும் அதற்கு அடியில் வேறென்னவோவும் சேர்ந்து குப்பென்று அடித்தன. மருந்துக் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்து எல்லா நாற்றத்துக்கும் பழகிய மூக்கு அவளுடையது. அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது நாறுது சித்தப்பா."

"கொடியைப் போய் நாறுதுங்கறியே! யார் காதுலயாவது விழுந்தா என் மானம் கப்பலேறிடும்."

சித்தப்பாவின் மானம் கப்பலேறி எவ்வளவோ காலம். அது திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. பாலம் இடிந்து விழும்வரை அவர் கரைக்காரர் கூட்டங்களில் மேடையேறித் தொண்டை கிழியக் கத்தியவர். அந்தப் பேச்சை நம்பித்தான் அவளுடைய அண்ணன் பத்தொன்பது வயதில் துப்பாக்கி தூக்கினான். கரைக்காரர்கள் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது மலைக்காரர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சண்டை அங்கேயே முடிந்தது, அண்ணனும் அங்கேயே முடிந்தான். மறுநாள் காலை சித்தப்பா வீட்டு வாசலில் மலைக்காரர் கொடி பறந்தது. இப்போது அவர்தான் வட்டச் செயலாளர்.

போட்டோக்காரன் இரண்டு படம் எடுத்தான். சித்தப்பா இரண்டிலும் அப்பாவின் தலைமாட்டில் நின்று தொண்டையை அடைத்துக்கொண்டார். அவன் போனதும் தொண்டை சரியாகிவிட்டது. தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி அவள் பக்கம் குனிந்தார்.

"உங்கப்பா ஒரு கட்டுத் தாள்ல எழுதிக்கிட்டே இருந்தாரே, அதைக் கொண்டா."

"எந்தக் கட்டு?"

"எங்கிட்டயேவா? அச்சாபீஸ் முழுக்கத் தெரியும்மா. கரைக்காரங்க ஜெயிச்சிட்ட மாதிரி கதை எழுதறார்னு. நான்தான் இத்தனை நாளா மூடி மறைச்சேன். வேற யார் கைக்கும் போக வேணாம். கால்மாட்டுல வச்சுடுவோம், அவரோடவே மண்ணுக்குள்ள போகட்டும். மூணு மணிக்கு வண்டி வந்துடும்." பிஸ்கட் தூள் கொடியின் மேல் உதிர்ந்தது. அதைப் புறங்கையால் தட்டிவிட்டார்.

அவள் பின்னறைக்குப் போனாள். அப்பாவின் மேஜைக்கு அடியில், காலண்டர் தாள் சுற்றி, கட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் கதவடியில் அம்மா நிற்கிறாள். கண்ணில் புரை விழுந்த பிறகு அம்மா வீட்டுக்குள் சுவரைத் தடவித்தான் நடப்பாள். இப்போது தடவாமலே வந்திருந்தாள்.

"அதைத்தான் கேக்கறானா?"

"ஆமாம்மா. பெட்டிக்குள்ள வைக்கணுமாம்."

"வைக்கட்டும். அதுக்கு முன்னாடி நீ படிச்சுப் பாரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அதுல பாலம் விழலன்னு உங்கப்பா ஒரு தடவை சொன்னார். பாலம் விழலன்னா அவன் சாகல, இல்லையா? வீட்டுக்கு வர்றானா, வந்து என்ன பண்றான்னு பாத்துச் சொல்லு."

"நீயே அப்பாவைக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்." அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவன் இருந்திருந்தா உங்க சித்தப்பன் மாதிரி ஆயிருக்க மாட்டான். அதை நெனச்சு நெனச்சுத்தான் இத்தனை வருஷமா எனக்குச் சோறு எறங்குது."

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

அப்பா பாடநூல் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். எழுதியிருந்ததெல்லாம் கழித்துப்போட்ட புரூஃப் தாள்களில்தான். ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் ஏழாம் வகுப்புச் சரித்திரம், மலைக்காரர்களின் மகத்தான வெற்றி. பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. அந்தச் சரித்திரத்தை வருஷா வருஷம் திருத்தினாரே, எப்படி என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். கடைசி வரியிலிருந்து மேலே மேலே படித்துக்கொண்டு போவாராம். "அப்பதான் பிழை மட்டும் கண்ணுல படும். நேரா படிச்சா அர்த்தம் உள்ள போயிடும், அப்புறம் மத்தியானச் சாப்பாடு வெளில வந்துடும்" என்றார். சிரிக்கவில்லை.

கதைக்கு அப்பா பெரிதாக எதையும் மாற்றியிருக்கவில்லை. பாலத்தைத் தகர்த்த அந்த நாளில் மழை பெய்ததாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். மழையில் திரி நனைந்தது, வெடி வெடிக்கவில்லை, பாலம் நின்றது. கரைக்காரர்கள் ஆற்றைக் கடந்தார்கள், ஒன்பது நாளில் தலைநகரம். தாள்களைத் தள்ளினாள். அண்ணன் வந்தான். ஷூவைக் கையால் தொடாமல் ஒரு காலால் மறு காலை மிதித்துக் கழற்றிக்கொண்டு, இதே வீட்டுக்குள், பசியோடு வந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தாள்.

அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் நன்றாக இல்லை. கரைக்காரர் கொடி ஏறியது. அடுத்த வாரமே பிடித்துப்போக வேண்டியவர்களின் பட்டியல்களும் வந்தன. மலைக்காரர் தெருக்களில் கதவு தட்டினார்கள். பாடநூல் அச்சகத்தில் ஏழாம் வகுப்புச் சரித்திரம் புதிதாக அச்சேறியது, கரைக்காரர்களின் மகத்தான வெற்றி. அதே நாற்காலியில் உட்கார்ந்து அப்பா அதையும் கீழிருந்து மேலே படித்தார். சித்தப்பா அதிலும் இருந்தார், மேடையில், கழுத்தில் மாலையோடு. அவரை மட்டும் எந்த மழையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணன் என்ன ஆனான் என்பது கடைசித் தாள்களில் இருந்தது. அந்த இடத்தில் அப்பா தடுமாறியிருந்தார். முதலில் அவனைக் கணக்கு வாத்தியார் ஆக்கி ஒரு பக்கம் எழுதி, குறுக்கே கோடு இழுத்து அடித்திருந்தார். பிறகு கப்பல் கம்பெனி குமாஸ்தா. அதையும் அடித்திருந்தார். கடைசியில் எழுதியதில் அண்ணனுக்கு நாற்பத்துமூன்று வயது. ஒரு மலைக்காரர் வீட்டில் சாவு. செத்தவர் அச்சகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர், அவர் மகனை எப்போதோ பட்டியலில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் கொடியோடு உள்ளே போகிறான். அந்த வீட்டு அம்மாள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. நாலு பேர் பாக்கறாங்க இல்ல" என்று அண்ணன் போர்த்துகிறான். போர்த்திவிட்டுத் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்கிறான்.

அந்தப் பத்தியின் மேலும் ஒரு கோடு இருந்தது. ஆனால் கோட்டுக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் அப்பா தன் தொழில் பாஷையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். தப்பாக அடித்ததைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அச்சுக் கோர்ப்பவருக்கு எழுதும் வார்த்தை. 'இருக்கட்டும்.'

அவள் கட்டை மூடினாள். எழுந்து குழாயைத் திறந்து முகம் கழுவினாள். யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத அருவருப்பு. சித்தப்பா மேல் என்றால் அது பழசு. செத்துப்போன பிள்ளையைத் தாளில் எழுப்பி உட்கார வைத்து, அவன் கையில் அந்தக் கொடியையும் கொடுத்த அப்பா மேல் இது. பெற்றவருக்கு எப்படி மனசு வந்தது? மனசு வராமல்தான் அந்தப் பத்தியையும் ஒருமுறை அடித்தார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. அப்பா வாழ்நாளில் பொய் இல்லாமல் எழுதியது இந்தக் கட்டு ஒன்றுதான். சட்டைக்குள் செருகி மருந்துக் கடை அலமாரியில் ஒளித்து வைத்துவிடலாம். ஆனால் இருந்தால் அம்மா யாரையாவது படிக்கச் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, தபால்காரரோ, என்றைக்காவது ஒருநாள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள்.

வெளியே ஹாரன் அடித்தது. சித்தப்பா கதவைத் தட்டினார். "என்னம்மா, வண்டி வந்துடுச்சு, கிடைச்சுதா இல்லையா?"

அவள் தாழைத் திறந்து கட்டை நீட்டினாள். சித்தப்பா அதை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல பொண்ணு" என்று அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய இடம் அரித்தது. ஈரக் கையால் மூன்று தடவை துடைத்தும் போகவில்லை. கட்டு அப்பாவின் பாதத்துக்கு அருகே வைக்கப்பட்டதைப் பார்த்தாள். கொடியை உருவி நாலாக மடித்தார்கள். மூடி இறங்கியது, ஆணி அடித்தார்கள். தன் கையாலேயே கொடுத்தோம் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள்.

நாலு பேர் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அம்மாவின் முழங்கையைப் பிடித்து அவள் வாசலுக்குக் கூட்டி வந்தாள். சித்தப்பா முன்னால் டிரைவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா படியில் நின்றுவிட்டாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அதுல வர்றானா?"

"வர்றான்மா. நேரா வீட்டுக்குத்தான் வர்றான். பசிக்குதுன்னு வர்றான்."

அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அப்புறம்? என்ன வேலை பாக்கறான்?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

முன்னாலிருந்து சித்தப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் ஏதோ சொல்லியிருப்பான்.

"கணக்கு" என்றாள் அவள்.

"சரித்திரம் இல்லையே?"

"இல்லம்மா. கணக்குதான்."

அம்மா தலையை ஆட்டினாள். "அப்ப யாருக்கும் கெடுதல் இல்ல" என்றாள். முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் தனக்கு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.